கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டும்போது: வலையா, நூலா, சொந்தத் தசையுறையா?

"டாக்டர் வலை வைக்கலாம் என்கிறார். மகள் இணையத்தில் பார்த்துவிட்டு வேண்டவே வேண்டாம் என்கிறாள். நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது, மிஸி?"

மகளிர் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பலரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பால்மரக் காட்டில் வாளி தூக்கியவர்கள், செம்பனையில் உரச்சாக்கு சுமந்தவர்கள், குனிந்தபடியே உதிரிப்பழம் பொறுக்கியவர்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடத்தில் துப்புரவுக் கான்ட்ராக்ட் வேலை என்று வாளியும் துடைப்பமுமாகவே இருப்பவர்கள். நாலைந்து பிரசவம், பாரம், விடாத இருமல், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்தால் இடுப்புத் தளம் தளர்ந்து கர்ப்பப்பை கீழே இறங்குவதில் வியப்பில்லை. சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் துணியை மடித்து வைத்துச் சமாளித்துவிட்டு, கடைசியில் வருகிறார்கள்.

முன்பெல்லாம் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. இப்போது அதை வைத்துக்கொண்டே மேலே தூக்கிக் கட்டும் வழிகள் பல இருக்கின்றன. எதை வைத்துக் கட்டுவது என்பதில்தான் குழப்பம். எந்த வழி உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்பதைப் பரிசோதித்துப் பார்க்கும் நிபுணர்தான் சொல்ல முடியும். அவர் எதிரில் உட்காரும்போது என்ன கேட்கிறோம், எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

## இந்தக் கேள்வியே எழாதவர்கள்

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டவர்கள், பாப் ஸ்மியர் என்ற கருப்பை வாய்ப் பரிசோதனையில் கோளாறு வந்தவர்கள், பெரிய கட்டி உள்ளவர்கள், மார்பகப் புற்றுக்காகத் தாமொக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் கர்ப்பப்பை, சினைப்பை, குடல் புற்று வரிசையாக வந்தவர்கள் ஆகியோருக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொள்வது நல்லதா என்பதையே முதலில் தீர்க்க வேண்டும். அது முடியாமல் பொருளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. இறங்கியிருக்கிறது, ஆனால் பெரிய தொந்தரவு இல்லை. இவர்களுக்கு அறுவையே தேவைப்படாமல் போகலாம். இடுப்புத்தள உடற்பயிற்சியை ஃபிசியோதெரபிஸ்ட் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் ஆரம்ப நிலையில் நல்ல பலன் இருக்கிறது. பெஸ்ஸரி என்கிற வளையம் வைத்துக்கொண்டு, சில மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கழுவி மாற்றி, எழுபது வயதிலும் கோயிலுக்கு நடந்து போகிறவர்களை எனக்குத் தெரியும். வளையம் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சுளிக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, எவ்வளவு காலம் தாங்கும். எல்லாரும் இதை மட்டும்தான் கேட்கிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது இரண்டாவது: கெட்டுப்போனால் திருப்பி எடுக்க முடியுமா? கரைகிற நூல் தானாகப் போய்விடும். கரையாத நூல் வெளியே தலைநீட்டினால் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம். வலை அப்படியல்ல. அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து பின்னிக்கொள்வதால்தான் அது தாங்குகிறது, அதனாலேயே அதை முழுசாக எடுப்பதும் கடினம்.

மூன்றாவது, எந்த வழியாக வைப்பது. வயிற்றைத் திறந்தோ கீஹோல் போட்டோ செய்வதா, பிறப்புறுப்பு வழியாகச் செய்வதா? ஒரே பொருள் ஒரு வழியில் நல்லபடியாக இருந்து, இன்னொரு வழியில் தொல்லை கொடுக்கும். வலை விஷயத்தில் உலகம் முழுக்க நடந்த கூத்து இதுதான், கீழே வருகிறது.

பிறகு உங்கள் நிலைமை. இன்னும் பிள்ளை வேண்டுமா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, திரும்பிப் போய் என்ன வேலை செய்யப் போகிறீர்கள், கையில் எவ்வளவு இருக்கிறது. அப்புறம், கேட்கத் தயங்குகிற ஒன்று: அந்தப் பொருள் எதிலிருந்து செய்யப்பட்டது?

## வயிற்று வழியாக வைக்கும் வலை

கருப்பை வாயில் ஒரு முனை, அடிமுதுகெலும்பின் முன்விளிம்பில் மறுமுனை. இடையில் பாலிப்ரொப்பிலீன் இழையால் நெய்த மெல்லிய வலை. பெரும்பாலும் லேப்ரோஸ்கோப்பி மூலம் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்கிறார்கள். வலையைக் குடல் தொடாதபடி மேலே வயிற்றுச் சவ்வைப் போட்டு மூடிவிடுவார்கள்.

பாலிப்ரொப்பிலீன் என்பது உரச்சாக்கு நெய்யும் அதே பிளாஸ்டிக் இனம். கேட்டதும் பயப்பட வேண்டாம். ஆப்பரேஷன் தையல் நூலாகவும், குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையாகவும் பல பத்தாண்டுகளாக உடம்புக்குள் இருந்துவரும் பொருள்தான். இதில் கவனிக்க வேண்டியது நெசவு. ஒற்றை இழையாகவும், கண் 75 மைக்ரோனுக்கு மேல் பெரிதாகவும் இருக்கும் வலைதான் இப்போது ஏற்கப்பட்ட வகை. காரணம் எளிது. கிருமி ஒரு மைக்ரோன் அளவு, கிருமியைத் தின்னும் நம் இரத்த அணு பத்து மைக்ரோனுக்கு மேல். கண் சின்னதாக இருந்தால் கிருமி உள்ளே புகுந்துகொள்ளும், அதைத் துரத்திப் போக வேண்டியது வெளியே நிற்கும். சில இடங்களில், முக்கியமாக ஜெர்மனியில், பிவிடிஎஃப் என்ற வேறு பிளாஸ்டிக் வலையையும் பயன்படுத்துகிறார்கள். திசு அதற்கு எதிராகச் சீறுவது குறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கர்ப்பப்பை இறக்கத்தில் அதன் நெடுங்கால அனுபவம் பாலிப்ரொப்பிலீன் அளவுக்கு இல்லை.

தாங்குவதில் இந்த வழி வலுவானது. கர்ப்பப்பையின் இயற்கையான சாய்வும் பிறப்புறுப்பின் நீளமும் அப்படியே இருக்கும். கர்ப்பப்பையை எடுக்காததால் பிறப்புறுப்பின் உச்சியில் வெட்டுக்காயம் இல்லை. அதனால் வலை அந்தப் பக்கம் துருத்திக்கொண்டு வருவதும், கர்ப்பப்பையை எடுத்த கையோடு வலை வைப்பதைவிடக் குறைவு.

ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல, காலம் போகப் போக ஆபத்து கூடவும் செய்யும். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு இதே மாதிரி வயிற்று வழியாக வலை வைத்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏழு வருடம் போனபோது வலை துருத்தல் நூற்றுக்குப் பத்தைத் தாண்டியது. அது 2013இல் வெளியானது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் முதல் வருடம் நன்றாக இருக்கிறது என்று கிளினிக்குக்கு முழுக்குப் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறைந்திருக்கும் விலை வேறு. முழு மயக்கம் தேவை, தலையைக் கீழே சாய்த்து வயிற்றில் வாயு நிரப்பிச் செய்வதால் இதயமும் நுரையீரலும் தாங்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய இரத்தக் குழாய்கள். அரிதாகக் குடல் ஒட்டுதல், முதுகெலும்பு வட்டில் தொற்று வரலாம். பின்னாளில் ஏதோ காரணத்துக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தால், வலையைப் பிரித்துக்கொண்டு எடுப்பது சிரமமான வேலை. இதைக் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

## பிறப்புறுப்பு வழியாக வைத்த வலை

மகள்கள் இணையத்தில் பார்த்துப் பயப்படும் வலை இதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு கிட் போல விற்பனைக்கு வந்து வேகமாகப் பரவியது. அப்புறம் வலி, துருத்தல், தாம்பத்தியத்தில் வேதனை என்று வழக்குகள் குவிந்தன. ஆஸ்திரேலியா 2018 தொடக்கத்தில் இறக்கத்துக்கான இவ்வகை வலையைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. இங்கிலாந்து 2018 ஜூலையில் நிறுத்தி வைத்தது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது. 2017இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வு, முதல்முறை அறுவை செய்யும் பெண்களுக்கு வலையோ விலங்குத் திசு ஒட்டுத்துண்டோ வைத்ததால் முதல் இரண்டு வருடத்தில் கூடுதல் நன்மை ஏதும் இல்லை என்றும், வலை வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலையால் தொந்தரவு வந்தது என்றும் சொன்னது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு இந்த வழியில் வலை வைத்ததையும், கர்ப்பப்பையை எடுத்து நூலால் கட்டியதையும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து வருடத்தில் வலைப் பக்கத்தில் தோல்வி 37 விழுக்காடு, மறுபக்கத்தில் 54. வலை தாங்கவே இல்லை என்பதல்ல பிரச்சினை. தாங்கியவர்களிலும் ஒரு பங்குப் பேருக்கு அது வேறு துன்பத்தைக் கொடுத்தது, கொடுத்தபோது எடுக்க முடியவில்லை.

எஃப்டிஏவின் 2019 உத்தரவு வயிற்று வழியாக வைக்கும் வலையைத் தொடவில்லை. டாக்டர் "வலை" என்றதும் ஓடிவிடாமல், எந்த வழியாக என்று கேளுங்கள். பிறப்புறுப்பு வழி என்று பதில் வந்தால் இன்னொரு நிபுணரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## நூல் மட்டும்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இதில் வெளிப்பொருள் என்பது தையல் நூல் மட்டும். தூக்கி நிறுத்துவது உங்கள் சொந்த இணைப்பு நார்கள். மூன்று விதம் அடிக்கடி காதில் விழும். கருப்பை வாயை இடுப்பின் பின்பக்கத்திலுள்ள கெட்டியான நாரோடு (இனி இதைப் பின்நார் என்கிறேன்), வழக்கமாக வலப்பக்கத்தில், சேர்த்துக் கட்டுவது ஒன்று. கர்ப்பப்பையை இயற்கையாகத் தாங்கும் நார்களைச் சுருக்கிக் கட்டுவது இரண்டாவது. இதில் சிறுநீர்க்குழாய் பக்கத்திலேயே ஓடுவதால் அது மடங்கிவிடாமல் பார்க்க வேண்டும். மூன்றாவது மான்செஸ்டர் முறை: நீண்டு தொங்கும் கருப்பை வாயில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, பக்கத்து நார்களை முன்னால் கொண்டுவந்து தைப்பது. நூறு வருடத்துக்கு மேல் பழைய முறை, ஐரோப்பாவில் மறுபடியும் மவுசு வந்திருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன? நெதர்லாந்தில் 126 பெண்களிடம் லேப்ரோஸ்கோப்பி வலையையும் பின்நாரில் நூலால் கட்டுவதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் உச்சிப் பகுதி மறுபடி இறங்கியது வலையில் 1.6 விழுக்காடு, நூலில் 3.3. இரண்டுமே சின்ன எண்கள். அதே நாட்டில் நூலால் கட்டியவர்களைக் கர்ப்பப்பை எடுத்தவர்களோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், ஐந்து வருடம் கழித்து உச்சிப் பகுதி தொந்தரவோடு திரும்ப இறங்கியது அல்லது மறு அறுவை தேவைப்பட்டது நூல் பக்கம் ஒரு விழுக்காடு, எடுத்தவர்கள் பக்கம் 7.8. "நூல்தானே, எத்தனை நாளைக்கு?" என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

2023இல் இன்னொரு நெதர்லாந்து ஆய்வு நூல் முறைகள் இரண்டை மோதவிட்டது. இரண்டு வருடத்தில் மான்செஸ்டர் 87.3 விழுக்காடு வெற்றி, பின்நாரில் கட்டுவது 77. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் கர்ப்பப்பை பிறப்புறுப்பின் வாசலைத் தாண்டி வெளியே வராதவர்கள். முழுக்க வெளியே தொங்கும் நிலையில் வருகிற நம் ஊர் அம்மாக்களுக்கு அதை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

குறைகளும் உண்டு. பின்நாரில் கட்டியவர்களுக்கு முதல் சில வாரம் பிட்டத்தில் வலி இருக்கும், உட்கார்ந்து எழுந்தால் சுருக்கென்று இழுக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் போய்விடும். சிலருக்கு நரம்பு மாட்டிக்கொண்டால் நூலை அவிழ்க்க வேண்டி வரும். இன்னொன்று, கர்ப்பப்பை நன்றாக நிற்கும்போதே பிறப்புறுப்பின் முன்சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பை இறங்குவது இந்த முறையில் தெரிந்த பலவீனம். மான்செஸ்டரில் கருப்பை வாய் சுருங்கி மூடிக்கொள்ளலாம். பின்னாளில் உள்ளே ஏதாவது சோதிக்க வேண்டுமென்றால் வழி இருக்காது. பிள்ளை இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு அது ஏற்றதும் அல்ல. கருப்பை வாய் குறைந்தால் கர்ப்பம் தங்குவதிலும் குறைமாதப் பிரசவத்திலும் சிக்கல் வரும்.

சரி, எந்த நூல்? விக்ரில் போன்ற சீக்கிரம் கரையும் நூல் ஒரு மாதத்தில் பலத்தை இழந்துவிடும், பத்து வாரத்துக்குள் கரைந்துபோகும். பிடிஎஸ் மெதுவாகக் கரையும் வகை. ஆறு வாரம் வரை கொஞ்சம் பிடிப்பு இருக்கும், முழுக்கக் கரைய ஆறு மாதமாகும். எதிபாண்ட், ப்ரோலீன் போன்றவை கரையவே கரையாது. கரையாத நூலின் பிடிப்பு நிலையானது. ஆனால் முடிச்சு சதையைக் கிழித்து வெளியே வந்தால் நாற்றமுள்ள வெள்ளை, இரத்தப் புள்ளி, கணவருக்குக் குத்தல் என்று தொல்லை தரும். கிளினிக்கில் வெட்டி எடுத்தால் சரியாகிவிடுகிற தொல்லைதான். மெதுவாகக் கரையும் நூலில் இந்த வம்பு இல்லை. நூல் போவதற்குள் தழும்பு இறுகிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் கலந்து போடும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

## உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கும் பட்டை

தொடையின் வெளிப்பக்கத்திலோ அடிவயிற்றிலோ தசையின் மேல் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, வலைக்குப் பதிலாக அதை வைத்துக் கட்டுவது. பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், ஆனால் நூல் மட்டும் போதாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது. வலைப் பிரச்சினைக்குப் பிறகு இதில் ஆர்வம் திரும்பியிருக்கிறது.

நன்மை கண்கூடு: உடம்பு தன் சொந்தப் பொருளைத் தள்ளாது, துருத்தல் பயம் மிகக் குறைவு. விலை என்னவென்றால் இரண்டாவது காயம். தொடையில் எடுத்தால் சில வாரம் நடக்க வலிக்கும், தழும்பு இருக்கும், தசை அங்கே புடைக்கலாம். வயிற்றில் எடுத்தால் குடலிறக்க வாய்ப்பு. அறுவை நேரமும் நீளும். கர்ப்பப்பையைக் காத்துச் செய்யும் சிகிச்சையில் இதற்கான ஆய்வுகள் சிறியவை. செய்து கைதேர்ந்த டாக்டர் கிடைப்பதும் அரிது, ஈப்போவைத் தாண்டித் தேட வேண்டி வரலாம்.

இதை, இறந்தவரிடமிருந்து எடுத்துப் பதப்படுத்திய உறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஒப்பீட்டில், கர்ப்பப்பை இல்லாத பெண்களுக்கு வயிற்று வழியாக வைத்தபோது ஒரு வருடத்தில் பாலிப்ரொப்பிலீன் வலை 91 விழுக்காடு நின்றது, அந்தப் பதப்படுத்திய உறை 68தான்.

## மாடு, பன்றி: கேட்டால்தான் சொல்வார்கள்

விலங்குத் திசுவில் செய்த ஒட்டுத்துண்டுகளும் சந்தையில் உண்டு: பன்றித் தோல், பன்றியின் சிறுகுடல் உட்சுவர், மாட்டின் இதய உறை. பெட்டியில் 'பயோலாஜிக்' என்று இருக்கும், கேட்க இயற்கையாகத் தோன்றும். இறக்கத்துக்குச் செய்யும் பிறப்புறுப்பு வழி அறுவையில் இவை சாதாரணத் தையலைவிடத் தெளிவாக மேல் என்று காட்டப்படவில்லை. கரைந்து தளர்ந்துபோவதும் உண்டு. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

மற்றது நம்பிக்கை விஷயம். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மலாய்க்காரப் பெண்மணி பன்றியா என்று தயங்காமல் கேட்பார், டாக்டரும் பதில் சொல்வார். நம்மவர்கள் மாடா என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். சைவமாகவே வாழ்ந்த பாட்டிக்கு மாட்டு இதய உறையை வைத்துவிட்டுப் பிறகு சொல்வது நியாயமா? கேளுங்கள், பதில் சொல்வது அவர்கள் கடமை. பழைய கேட்கட் நூலும் ஆடு, மாட்டுக் குடலிலிருந்து வந்ததுதான். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர், பிடிஎஸ், விக்ரில் எல்லாம் செயற்கை.

## இந்தியாவில் தோன்றிய பழைய நாடா முறை

மும்பை டாக்டர்களான ஷிரோத்கர், புரந்தரே பெயர்களில் வழங்கும் அறுவைகள், பிள்ளை பெறாத இளம்பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறங்கும்போது செய்வதற்காக வந்தவை. கருப்பை வாயை மெர்சிலீன் என்ற பாலியெஸ்டர் நாடாவால் அடிமுதுகெலும்போடோ வயிற்றுத் தசையுறையோடோ கட்டுவார்கள். இந்தியாவில் படித்த டாக்டர்கள் இதைச் சொல்லக்கூடும். மெர்சிலீன் பல இழைகளால் நெய்த நாடா, கிருமி ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிற வகை. இன்று புதிதாக வைப்பதென்றால் ஒற்றை இழை வலையே ஏன் கூடாது என்று கேட்டுப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | வயிற்று வழி வலை | நூல் மட்டும் | சொந்தத் தசையுறை | விலங்கு ஒட்டு |
|---|---|---|---|---|
| பிடிப்பு | வலு | உச்சியில் நல்லது, முன்சுவர் தளரலாம் | நல்லது, ஆய்வு சிறிது | நிச்சயமில்லை |
| திருப்பி எடுப்பது | கடினம் | எளிது, அல்லது தானே கரையும் | தேவை அரிது | தானே கரையலாம் |
| மயக்கம் | முழு மயக்கம் | முதுகில் ஊசி போட்டும் செய்யலாம் | பெரும்பாலும் முழு மயக்கம் | வழியைப் பொறுத்து |
| கூடுதல் காயம் | வயிற்றில் சிறு துளைகள் | இல்லை | தொடை அல்லது அடிவயிறு | இல்லை |
| பின்னாளில் கர்ப்பப்பை எடுக்க | சிரமம் | பெரிய சிரமமில்லை | சிரமமாகலாம் | முறையைப் பொறுத்து |
| எதிலிருந்து | பிளாஸ்டிக் | செயற்கை நூல் | நீங்களே | பன்றி அல்லது மாடு |

## யாருக்கு எது

முப்பத்தைந்து வயது, இன்னும் ஒரு குழந்தை ஆசை. முடிந்தால் வளையத்தை வைத்துச் சமாளித்து, பிள்ளை பெற்ற பிறகு அறுவைக்கு வாருங்கள். காத்திருக்கவே முடியாது என்றால் நூலோ வயிற்று வழி வலையோ பேசலாம், மான்செஸ்டர் வேண்டாம். வலை வைத்திருந்தால் பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்திரண்டு வயது, குடும்பம் முடிந்தது, முதல் அறுவை, கர்ப்பப்பை வாசல்வரை வந்து நிற்கிறது. நான் நூலில்தான் தொடங்கச் சொல்வேன். தளர்ந்தால் வலை என்ற வழி அப்போதும் திறந்திருக்கும். வலையில் தொடங்கினால் திரும்பி வரும் வழி குறுகலாக இருக்கும்.

ஒருமுறை நூலால் கட்டி மறுபடியும் இறங்கியவர், ஒல்லியான திடமான உடம்பு, திரும்பவும் பாரம் தூக்கும் வேலைக்குத்தான் போயாக வேண்டும் என்றிருப்பவர். வயிற்று வழி வலை இவருக்காகத்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கே ஆகாது என்று பிடிவாதமாக இருந்தால் சொந்தத் தசையுறை.

அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். முழு மயக்கத்தைத் தவிர்க்கிற எந்த வழியும் நல்லது. நூல் அல்லது வளையம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் வலை துருத்தும் வாய்ப்பு கூடுதல். வலை என்று முடிவானால் சர்க்கரை அளவை முதலில் கீழே கொண்டுவாருங்கள்.

## பில்லில் வராத செலவு

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். அந்தத் தொகை யாரையும் அழுத்தாது. அழுத்துவது உள்ளே வைக்கும் பொருள்: வலை போன்ற சாதனங்களை நோயாளியே வாங்கும்படி கேட்கும் நிலை வரலாம். முடியாவிட்டால் மருத்துவமனையிலேயே இருக்கும் மருத்துவச் சமூகநலப் பிரிவுக்குப் போய் உட்காருங்கள். சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்கள் வழிகாட்டுவார்கள். தனியாரில் லேப்ரோஸ்கோப்பி என்றால் ஐந்து இலக்கத் தொகை. நூல் முறையில் இந்தச் சாதனச் செலவே இல்லை என்பதை யாரும் உங்களிடம் எடுத்துச் சொல்லப் போவதில்லை.

அப்புறம் வேலை. எந்தப் பொருளை வைத்தாலும் குறைந்தது ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, தண்ணீர் வாளி உட்பட. பல டாக்டர்கள் மூன்று மாதம் என்பார்கள். வலை வைத்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று நினைப்பது வீண் கணக்கு, வலைக்குள் சதை வளரவும் நேரம் வேண்டும். 1955 வேலைச் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு வருடத்துக்கு 60 நாள், 2023 முதல் அது சாதாரண எம்சியோடு சேர்த்துக் கழிக்கப்படுவதில்லை. தோட்டத்தில் பெயர் உள்ளவர்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியை முன்கூட்டியே பார்த்துப் பேசிவிடலாம். கான்ட்ராக்ட் துப்புரவில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். முதலாளி "புது ஆளைப் போட்டுக்கொள்கிறேன்" என்றால் அந்த மூன்று மாதச் சம்பளம்தான் உங்கள் ஆப்பரேஷனின் உண்மையான விலை. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பள்ளி விடுமுறை, தீபாவளி பார்த்துத் தேதி கேளுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் தேதி வாங்கிக்கொண்டு முறுக்குப் பிழியும் உரலோடு மல்லுக்கட்டுகிறவர்களை என்ன சொல்வது?

இன்னும் ஒன்று, கர்ப்பப்பையை வைத்துக்கொண்டால் கருப்பை வாய்ப் பரிசோதனையும் தொடர வேண்டும். பாப் ஸ்மியருக்கு வெட்கப்பட்டால் கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி கிருமியைத் தேடும் சோதனைக்கு மாதிரியை நீங்களே எடுத்துக்கொடுக்கலாம்.

## கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

என் உடம்புக்குள் நிரந்தரமாக இருக்கப் போவது எது, எந்த வழியாக? இதே அறுவையை நீங்கள் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்? இது தோற்றால் அடுத்து என்ன மிச்சம் இருக்கும்? வலையோ நூலோ துருத்தினால் அதை எடுப்பது இங்கேயா, கோலாலம்பூரிலா? முன்சுவர், சிறுநீர்ப்பை இரண்டையும் சேர்த்துப் பார்த்தீர்களா? மாதவிடாய் நின்றவர்கள், அறுவைக்கு முன்னும் பின்னும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். மொழி தடையாக இருந்தால் மகளையோ மருமகளையோ உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். பையனை வெளியே உட்கார வைத்துவிட்டு அரைகுறையாகத் தலையாட்டி வருவதில் பயனில்லை.

வலை வைத்தால் அதன் பெட்டியில் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். ஒன்று கோப்பில் ஒட்டுவார்கள். உங்களுக்கும் ஒன்று கேட்டு வாங்கி, அடையாள அட்டை வைக்கும் உறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.